காசு சுண்டும் கணக்கில் விடை எங்கே தவறுகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

படிவம் 2-இல் எளிய நிகழ்தகவு, படிவம் 4-இல் கூட்டு நிகழ்வுகள், படிவம் 5 கூடுதல் கணிதத்தில் ஈருறுப்புப் பரவல் என்று மூன்று வேடத்தில் வருவது ஒரே காசுதான். மூன்று முறை படித்த பிள்ளைகளும் மலேசியாவின் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) தாளில் அதே சில இடங்களில் சறுக்குகிறார்கள். பெருக்கத் தெரியாமல் அல்ல. எதை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம் என்பதைத் தீர்மானிக்காமலேயே பெருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வந்த விடையின் முகத்தைப் பார்த்தாலே பிழை எந்த இடத்தில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உங்கள் விடை எந்தத் தலைப்பில் பொருந்துகிறதோ அங்கே நேராகப் போங்கள்.

அதற்கு முன் குறியீடு. பூவா தலையா என்று வாய் சொன்னாலும், நம் கையில் புழங்கும் சென் காசுகளில் தலையே கிடையாது. ராணியின் தலை போட்ட காசு மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காலத்தோடு போயிற்று. அதனால்தான் இங்குள்ள மலாய்ப் பயிற்சி நூல்கள் அங்கா (எண்), கம்பார் (படம்) என்கின்றன. நாமும் எண் பக்கத்தை எ என்றும் படப் பக்கத்தை ப என்றும் வைத்துக்கொள்வோம். மாற்றி வைத்தாலும் தவறில்லை; கணக்கின் நடுவில் மாற்றினால்தான் வம்பு.

இரண்டு காசுக் கணக்கில் 1/3 வருகிறது

"இரண்டு காசுகளைச் சுண்டினால் ஓர் எண்ணும் ஒரு படமும் விழ நிகழ்தகவு என்ன?" இரண்டும் எண், இரண்டும் படம், கலந்து ஒன்று: மூன்று வகை, ஆகவே 1/3. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரியான விடை 1/2.

வகைகள் மூன்று என்பது உண்மை. ஆனால் மூன்றுக்கும் வாய்ப்பு சமம் இல்லை. ஒரு 20 சென், ஒரு 50 சென் காசை எடுங்கள். 20-இல் எ, 50-இல் ப விழுவது ஒன்று. 20-இல் ப, 50-இல் எ விழுவது வேறொன்று. ஆக எஎ, எப, பஎ, பப என்று நான்கு வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் 1/4. கலந்து விழுவது இரண்டு வரிசை, 2/4. இரண்டும் 20 சென்னாக இருந்தால் நம் கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியாது. காசுக்கு அது பொருட்டில்லை.

தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு இதைவிடக் குறுக்கு வழி உண்டு: யாப்பு. எண்ணை நேர் அசை என்றும் படத்தை நிரை அசை என்றும் வையுங்கள். நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம். ஈரசைச் சீர் நான்குதான், மூன்றல்ல. கூவிளத்திலும் புளிமாவிலும் ஒரு நேர், ஒரு நிரைதான் இருக்கிறது. ஆனாலும் இலக்கணம் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. 1/3 என்று எழுதுகிறவர் கூவிளத்தையும் புளிமாவையும் ஒரே சீராக எண்ணிவிட்டார். மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. மூன்று காசுக்கும் நான்கு காசுக்கும் அதே 8, அதே 16.

தவறு செய்த பிள்ளையை ரொம்பத் திட்ட வேண்டாம். தலெம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித அறிஞரே 1754-இல் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில் இதன் உறவுக்காரப் பிழையைச் செய்தார். இரண்டு சுண்டலில் ஒரு தடவையாவது தலை விழும் வாய்ப்பு 2/3 என்றார். முதலிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுகிறது, ஆகவே மூன்றே முடிவுகள் என்பது அவர் வாதம். முதல் சுண்டலிலேயே முடிகிற அந்த ஒரு முடிவுக்கு 1/2 எடை. மற்ற இரண்டுக்கும் தலா 1/4. சரியான விடை 3/4.

விடை 1-ஐத் தாண்டுகிறது, அல்லது சரியாக 1 வருகிறது

"மூன்று முறை சுண்டினால் ஒரு முறையாவது எ விழ?" என்பதற்கு 1/2 + 1/2 + 1/2 = 3/2 என்று எழுதியிருப்பார்கள். இரண்டு முறை என்றால் சரியாக 1 வரும். அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் பார்க்க விடைபோலவே இருக்கும். இரண்டு காசும் படமாக விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறோமே, எப்படி நிச்சயம் ஆகும்?

எஎ என்ற வரிசை முதல் 1/2-லும் சேர்ந்தது, இரண்டாவது 1/2-லும் சேர்ந்தது. இரட்டைப் பதிவு. ஒரே நேரத்தில் நடக்க முடியாதவற்றை மட்டுமே அப்படியே கூட்டலாம். இரட்டைப் பதிவைக் கழித்தும் சரிசெய்யலாம் (1/2 + 1/2 − 1/4 = 3/4), ஆனால் மூன்று காசுக்கு மேல் போனால் கழித்ததைத் திரும்பக் கூட்டி, கூட்டியதைத் திரும்பக் கழித்து முதுகு ஒடிந்துவிடும். "ஒரு முறையாவது" என்று கண்டதும் எதிர்ப்பக்கம் போங்கள்: ஒரு முறைகூட விழாத வரிசை ஒன்றே ஒன்று, பபப. அதன் நிகழ்தகவு 1/8. ஆக 1 − 1/8 = 7/8. நான்கு முறைக்கு 15/16, ஐந்துக்கு 31/32, பத்துக்கு 1023/1024.

விடை நம்ப முடியாத அளவு சின்னதாக வருகிறது

"நான்கு சுண்டலில் சரியாக இரண்டு எ" என்ற கேள்விக்கு 1/16. இரண்டு 1/2 எண்ணுக்கு, இரண்டு 1/2 படத்துக்கு என்று ஒழுங்காகப் பெருக்கியிருக்கிறார்கள். ஆனால் அது எஎபப என்ற ஒரே ஒரு வரிசையின் நிகழ்தகவு. கேள்வி வரிசையைக் கேட்கவில்லை, எண்ணிக்கையைக் கேட்டது. மீதி எங்கே? எபஎப, எபபஎ, பஎஎப, பஎபஎ, பபஎஎ. மொத்தம் ஆறு. விடை 6/16, அதாவது 3/8. (யாப்பில் சரிபார்க்க விரும்பினால்: இரண்டு நேர், இரண்டு நிரை கொண்ட நாலசைச் சீர்களை எழுதிப் பாருங்கள். தேமாநறுநிழலில் தொடங்கி கருவிளந்தண்பூ வரை ஆறுதான் வரும்.)

ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பாஸ்கல் முக்கோணத்தை (இரு ஓரத்திலும் 1, நடுவில் ஒவ்வொன்றும் மேல் வரியின் பக்கத்து இரண்டு எண்களின் கூட்டல்) ஓரத்தில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

2 சுண்டல்: 1, 2, 1 (மொத்தம் 4)
3 சுண்டல்: 1, 3, 3, 1 (மொத்தம் 8)
4 சுண்டல்: 1, 4, 6, 4, 1 (மொத்தம் 16)
5 சுண்டல்: 1, 5, 10, 10, 5, 1 (மொத்தம் 32)

இடமிருந்து முதல் எண் "எ இல்லை", அடுத்தது "ஒரு எ", அதற்கடுத்தது "இரண்டு எ". மொத்தம் 2-இன் அடுக்காக வராவிட்டால் முக்கோணத்திலேயே கூட்டல் பிழை. "இரண்டு எ" என்றதும் இடமிருந்து இரண்டாவதை எடுப்பவர்கள் நிறையப் பேர். கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது.

இதன் எதிர் அறிகுறி, அதே கேள்விக்கு 12/16. கணிப்பானில் என்சிஆர் (nCr, தேர்வு) அழுத்த வேண்டிய இடத்தில் என்பிஆர் (nPr, வரிசைமாற்றம்) அழுத்தியாயிற்று. பல கணிப்பான்களில் ஒன்று வகுத்தல் விசைக்கு மேலும் மற்றது பெருக்கல் விசைக்கு மேலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. விழுந்த இரண்டு எண்களுக்குள் யார் முன், யார் பின் என்ற பேச்சே இல்லை. அதனால் தேர்வு, வரிசைமாற்றம் அல்ல. "சரியாக மூன்று எ" என்று கேட்டிருந்தால் இதே தவறு 24/16 கொடுத்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டில்தான் அது ஒளிந்துகொள்கிறது.

விடை சரியானதில் பாதியாக நிற்கிறது

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் நான்கு பேர் தே தாரிக் குடித்துவிட்டு ஆளுக்கொரு காசு சுண்டுகிறார்கள். மூவருக்கு ஒரு பக்கமும் ஒருவருக்கு மட்டும் வேறு பக்கமும் விழுந்தால் அந்த ஒருவர் பில் கட்ட வேண்டும். முதல் சுண்டலிலேயே ஆள் மாட்டும் நிகழ்தகவு? 4/16 என்று நிறுத்திவிடுகிறார்கள். அது "ஒருவருக்கு மட்டும் எ" என்பதன் கணக்கு. ஒருவருக்கு மட்டும் ப விழுந்தாலும் அவர்தான் கட்ட வேண்டும். அதற்கு இன்னொரு 4. மொத்தம் 8/16. கேள்வியில் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் "வேறுபட்டது", "ஒரே மாதிரி" போன்ற சொற்கள் இருந்தால் கண்ணாடியின் மறுபாதியையும் எண்ண வேண்டும்.

மூன்று பேர் என்றால் 6/8, ஐந்து பேர் என்றால் 10/32. ஆள் கூடக் கூட மறுபடியும் மறுபடியும் சுண்ட வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கு இந்த முறை உதவவே உதவாது.

எண்கள் எல்லாம் சரி, ஆனாலும் விடைத்தாளில் தவறு

இங்கே பிழை கணக்கில் இல்லை, மொழியில். வினா மலாயில், மூளைக்குள் தமிழ், இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் நழுவிவிடும். செகுராங்-குராங்ஞா என்றால் "குறைந்தது". குராங் டாரிபாடா என்றால் "அதைவிடக் குறைவாக". இரண்டிலும் குராங் இருக்கிறது, தமிழிலும் இரண்டிலும் "குறை" இருக்கிறது. பொருளோ எதிரெதிர். இந்த ஒரு குழப்பத்தில் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சமில்லை.

ஐந்து சுண்டல், 1, 5, 10, 10, 5, 1 என்ற வரியை வைத்துப் பாருங்கள். சரியாக இரண்டு எ: 10/32. குறைந்தது இரண்டு: 10 + 10 + 5 + 1 = 26, ஆக 26/32. இரண்டுக்கு மேல், அதாவது லெபி டாரிபாடா: இரண்டு சேராது, 16/32. அதிகபட்சம் இரண்டு, அதாவது செலெபி-லெபிஞா: 1 + 5 + 10, 16/32. இரண்டுக்குக் குறைவாக: 6/32.

கேள்வியில் உள்ள சொல்லுக்குக் கீழே, சேரும் எண்ணிக்கைகளை வெளிப்படையாக எழுதுங்கள்: "2, 3, 4, 5" என்று. பிறகு சேராதவற்றை "0, 1" என்று எழுதுங்கள். இரண்டு பட்டியலும் சேர்ந்தால் 0 முதல் 5 வரை ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூட இரண்டு முறை வராமல் இருக்க வேண்டும். 26-உம் 6-உம் சேர்ந்து 32 ஆகிறதல்லவா, அதுதான் சோதனை.

"அடுத்தடுத்து" என்ற சொல் வந்ததும் என்சிஆர் ஏமாற்றுகிறது

"மூன்று சுண்டலில் எ அடுத்தடுத்து இரண்டு முறை விழ?" என்சிஆர் போட்டால் 3/8. சரியான விடையும் 3/8! ஆனால் அது தற்செயல். என்சிஆர் எண்ணியது எஎப, எபஎ, பஎஎ. நமக்கு வேண்டியது எஎப, பஎஎ, எஎஎ. ஒரு வரிசை தவறாக உள்ளே, ஒரு வரிசை தவறாக வெளியே. எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போயிற்று. நான்கு சுண்டலில் இந்த அதிர்ஷ்டம் உடைந்துவிடும்: என்சிஆர் 6/16 என்னும், உண்மை 8/16.

என்சிஆர் எத்தனை என்று மட்டும்தான் பார்க்கும், எங்கே என்று பார்க்காது. இடம் முக்கியமானால் வேறு வழி வேண்டும். எஎ வராத வரிசைகளை எண்ணுவது எளிது. அப்படிப்பட்ட வரிசை ப-இல் முடிந்தால், அதற்கு முன் உள்ள பகுதி எஎ இல்லாத எந்த வரிசையாகவும் இருக்கலாம். எ-இல் முடிந்தால், அதற்கு முன் கட்டாயம் ப. அதற்கும் முன் எதுவாகவும் இருக்கலாம். ஆக ஒவ்வொரு எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டல். ஒரு சுண்டலுக்கு 2, இரண்டுக்கு 3, பிறகு 5, 8, 13, 21, 34, 55, 89, 144. பத்து சுண்டலில் எஎ வராத வரிசை 144; வருவது 1024 − 144 = 880. நிகழ்தகவு 0.859. நம் மனம் நினைப்பதைவிட மிக அதிகம் இது. தொடர்ச்சியாக விழுந்தால் காசில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஐந்து முறை படம் விழுந்தாயிற்று, ஆறாவது எண்ணுக்கு 1/64 வருகிறது (அல்லது "கண்டிப்பாக எண்தான்" என்று தோன்றுகிறது)

1/64 என்பது பபபபபஎ என்ற முழு வரிசையை, சுண்டத் தொடங்கும் முன் கேட்டால் வரும் விடை. ஐந்து ஏற்கெனவே விழுந்த பின் 64 வரிசைகளில் 62 செத்துப்போயின. மிஞ்சியவை இரண்டு: பபபபபஎ, பபபபபப. இரண்டும் சம எடை. 1/2. "இத்தனை நாளாக வரவேயில்லை, இனி வந்தே தீரும்" என்று நான்கு இலக்க எண் லாட்டரிக் கடை வரிசையில் நிற்பவர் சொல்வதும் இதே பிழைதான். அங்கே வரிசைகள் 10,000, அவ்வளவே வேறுபாடு.

இதற்குத் தங்கை முறை ஒன்று: "இரண்டு காசில் ஒன்றாவது எ என்று தெரியும், இரண்டும் எ-ஆக இருக்க?" பப மட்டும் அடிபடுகிறது, மிஞ்சியது மூன்று, விடை 1/3. "முதல் காசு எ என்று தெரியும்" என்றால் இரண்டு அடிபடும், விடை 1/2. கொடுத்த தகவலுக்குப் பொருந்தாத வரிசைகளைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பிறகு எண்ணினால் போதும்.

வளைந்த காசு: 2-இன் அடுக்கால் வகுத்தும் விடை பொருந்தவில்லை

"எ விழும் நிகழ்தகவு 0.6" என்று கொடுத்தவுடன் 16-ஐயும் 32-ஐயும் மறந்துவிடுங்கள். வரிசைகளுக்கு இப்போது சம எடை இல்லை. நான்கில் இரண்டு எ என்றால் ஒவ்வொரு வரிசையின் எடை 0.6 × 0.6 × 0.4 × 0.4 = 0.0576. அப்படி ஆறு வரிசைகள், ஆக 0.3456. வழக்கமான நழுவல், 0.4-ஐ விட்டுவிட்டு 6 × 0.36 = 2.16 எழுதுவது. விழுந்ததற்கு மட்டுமல்ல, விழாததற்கும் விலை உண்டு. அடுக்குகளைக் கூட்டினால் மொத்தச் சுண்டல் எண்ணிக்கை வர வேண்டும்: 2 + 2 = 4.

கணிப்பான் 9.77 என்கிறது

இல்லை, அது 9.765625 × 10⁻⁴ என்கிறது. வலது ஓரத்தைப் பார்க்கவில்லை. 0.5-ஐப் பத்து அடுக்கினால் 0.000977. இன்னொன்று அடைப்புக்குறி: 3/4-ஐ இரண்டு அடுக்க, சாய்கோட்டு முறையில் 3 ÷ 4² என்று தட்டினால் 3/16 வரும். (3 ÷ 4)² என்று தட்டினால்தான் 9/16. 1/2-க்கு இந்தத் தவறு தெரியாது, ஏனென்றால் 1-ஐ எத்தனை அடுக்கினாலும் 1. பின்னமாகவே கடைசி வரி வரை கொண்டுபோய்க் கடைசியில் தசமம் ஆக்குவது நல்லது.

வீட்டில் சுண்டிப் பார்த்தால் கணக்கோடு ஒத்துவரவில்லை

பத்து சுண்டினால் ஐந்து விழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பத்தில் சரியாக ஐந்து விழ நிகழ்தகவு 252/1024, ஏறக்குறைய 0.246. நான்கில் மூன்று தடவை அது நடக்கவே நடக்காது. நான்கு முதல் ஆறு வரை என்று தளர்த்தினால் 672/1024, 0.656. நூறு சுண்டலில் சரியாக 50 விழ 0.08 மட்டுமே. சுண்டல் கூடக் கூட விகிதம் பாதியை நெருங்கும். ஆனால் எண்ணிக்கை "சரிபாதி" ஆவது அரிதாகிக்கொண்டே போகும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

எவ்வளவு விலகல் சாதாரணம்? சுண்டல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி. நூறுக்கு 5, பத்தாயிரத்துக்கு 50. அதைப்போல் இரண்டு மடங்கு வரை கண்டுகொள்ள வேண்டாம். கெர்ரிச் என்பவர் இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் சிறைவைக்கப்பட்டிருந்த காலத்தில் 10,000 முறை சுண்டி 5,067 தலை பெற்றார். 67 விலகல், ஒன்றும் வியப்பில்லை.

நூறு சுண்டலில் எ 40-க்கும் 60-க்கும் வெளியே போனால், நல்ல காசிலும் நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு அப்படி ஆகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சுண்டும் முறையைப் பாருங்கள். மேசையில் பம்பரம்போல் சுழற்றிவிட்டீர்களா? அது சுண்டல் அல்ல; சுழலும் காசு விளிம்பின் சிறு கோணலுக்கும் எடைச் சாய்வுக்கும் வளைந்துகொடுக்கும். உயரமாகச் சுண்டி உள்ளங்கையில் பிடியுங்கள். மொசைக் தரையில் விழவிட்டால் பாதிக் காசு குளிர்பெட்டிக்கு அடியில் போகும், "இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று நாமே பொறுக்கி எடுக்கத் தொடங்குவோம். கையால் சுண்டுவதிலும் சின்னச் சாய்வு உண்டு: 2023-இல் வெளியான 350,757 சுண்டல்கள் கொண்ட ஆய்வில், மேலே பார்த்திருந்த பக்கமே மறுபடி மேலே விழுந்தது 50.8 விழுக்காடு. ஆகவே ஒரு முறை எ மேலே, அடுத்த முறை ப மேலே என்று மாற்றி மாற்றி வைத்துச் சுண்டுங்கள். பத்துப் பத்தாகக் கட்டம் போட்டு, விழுந்த வரிசையிலேயே எ, ப என்று எழுதுங்கள். மொத்தத்தை மட்டும் குறித்தால் "அடுத்தடுத்து" கணக்கைப் பிறகு சரிபார்க்க முடியாது.